அந்த ஸ்விட்சை ஒருநாள் கழற்ற வேண்டி வரும்

சொந்தமாக கிட்டார் பெடல் கட்டும் நண்பர்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது. உங்கள் பெடல்களைத் தெரியும். ஃபஸ், ஓவர்டிரைவ், டிலே என்று நீங்கள் ஆசை ஆசையாகக் கட்டியவை மக்கர் பண்ணும்போது சில என் மேசைக்கு வந்து சேர்கின்றன. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அடி மூடியைத் திறந்தால் போர்டு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ரெசிஸ்டர்கள் வரிசையாகப் படுத்திருக்கும், கெப்பாசிட்டரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்காது, ஐசிக்கு சாக்கெட் கூடப் போட்டிருப்பீர்கள். போர்டில் காட்டிய பொறுமை டப்பாவின் கீழ்ப்பாதிக்கு வருவதற்குள் தீர்ந்துபோகிறது. ஃபுட்ஸ்விட்சைச் சுற்றி ஒரே வயர்க்காடு. தேடிப் போன கோளாறும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

காரணம் புரியாமல் இல்லை. ஸ்விட்ச் வயரிங் கடைசி வேலை. போர்டு முடிந்தாயிற்று, டப்பாவில் துளை போட்டாயிற்று, பெயின்ட் காய்ந்தாயிற்று, இன்னும் கொஞ்ச நேரத்தில் கிட்டாரைச் சொருகி வாசித்துப் பார்த்துவிடலாம் என்கிற பரபரப்பில் கை தானாக அவசரப்படும்.

இன்னொரு வகைப் பெடலும் வருகிறது. அது பார்க்க அத்தனை அழகு. ஒவ்வொரு வயரும் டப்பாவின் சுவரை ஒட்டி நேராகப் போய், செங்கோணத்தில் மடங்கி, ஸ்விட்சின் லக் என்னும் காலை இரண்டு சுற்று சுற்றி, மேலே ஈயம் பளபளக்கும். படம் பிடித்துப் போட்டால் ஆஹா ஓஹோ என்பார்கள். அதில் ஸ்விட்ச் போய்விட்டால் பழுது பார்ப்பவன் பாடு திண்டாட்டம். எந்த வயரிலும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்காது. ஒரு லக்கிலிருந்து வயரை விடுவிக்க வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் புதிய ஸ்விட்சை எட்டாது. கடைசியில் அத்தனை வயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதாகிறது. உண்மையைச் சொன்னால், வயர்க்காட்டை விட இந்த அழகிதான் எனக்கு அதிக வேலை வைக்கிறாள்.

ஆகவே இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஃபுட்ஸ்விட்சைத் தேய்ந்துபோகும் உறுப்பாக எண்ணி வயரிங் செய்யுங்கள். நீங்கள் போட்ட ரெசிஸ்டர் உங்கள் பேரன் காலத்திலும் அப்படியே இருக்கும். ஸ்விட்ச் அப்படி இல்லை. மிதி வாங்குவதற்கென்றே வைத்த பொருள் அது. ஷூ போட்ட காலால் ஓங்கி மிதிக்கிறவர்கள் உண்டு. நம் ஊர்க் கோயில் திருவிழா மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பதமாக அழுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் பெடல் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். எப்படி மிதித்தாலும் ஒருநாள் அது போகத்தான் போகிறது. அன்றைக்கு அதை லேசாகக் கழற்றி வேறொன்றை மாட்ட முடிய வேண்டும். நேர்த்தி என்று நான் சொல்வதற்கு அளவுகோல் அதுதான்.

நாம் எல்லோரும் வாங்குவது பெரும்பாலும் அந்த நீலநிற 3பிடிடி ஸ்விட்சைத்தான்: 12 மில்லிமீட்டர் மரை, மேலே அழுத்தும் தண்டு, அடியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது லக். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பழுதான ஸ்விட்சைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒருமுறையாவது பிரித்துப் பார்ப்பது நல்லது. உள்ளே மூன்று குட்டி உலோகத் தகடுகள், ஒவ்வொன்றும் நடு லக்கின் மேல் உட்கார்ந்து சீசா பலகை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. தகடுகளைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ். ஒன்பது லக்குகளையும் பிடித்து நிறுத்தியிருப்பது வெறும் பிளாஸ்டிக்.

இதைப் பார்த்தபின் சால்டரிங் அயர்னை லக்கில் வைத்துக்கொண்டே யோசிக்கிற பழக்கம் போய்விடும். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் இளகி லக் ஒரு நூல் சாயும். கிரீஸ் உருகி, இருக்கக்கூடாத இடத்துக்குப் போகும். ஃப்ளக்ஸ் லக் வழியே உள்ளே இறங்கி, தகடு தொடும் இடத்தில் படியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து, மிதித்தால் சில சமயம் சத்தம் வரும், சில சமயம் பாதிதான் வரும், இன்னொருமுறை மிதித்தால் சரியாகிவிடும். "எல்இடி எரியுது, ஆனா சத்தம் இல்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எல்இடி எரிவதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. மூன்று தகடுகளில் எல்இடிக்கு ஒன்று தனியாக இருக்கிறது; அது மட்டும் நன்றாக இருக்கிறது என்றுதான் அந்த வெளிச்சத்துக்குப் பொருள்.

இந்த ஒன்பது லக் எப்படி நம் தலையில் விழுந்தது என்று ஒரு வார்த்தை. அறுபதுகளின் பெடல்களில் இத்தனை கிடையாது. 1967-இல் வந்த வாக்ஸ் வா-வா பெடலில் மூன்றே லக் கொண்ட ஸ்விட்ச். அது வெளியீட்டை மட்டும் மாற்றும். கிட்டாரின் சிக்னல் எப்போதும் சர்க்யூட்டின் உள்ளீட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பெடலை அணைத்து வைத்தாலும் சர்க்யூட் சிக்னலைக் கொஞ்சம் உறிஞ்சும், மேல்ஸ்தாயி மங்கும். இரண்டு பக்கமும் சேர்த்துத் துண்டிக்க, அதாவது ட்ரூ பைபாஸுக்கு, ஆறு லக் வேண்டியிருந்தது. அதோடு எல்இடியும் வேண்டும் என்றபோது இன்னும் மூன்று லக் தேவைப்பட்டன. ஒன்பது லக் ஸ்விட்ச் மலிவாகக் கிடைக்காத நாளில் ஆர்.ஜி. கீன் என்ற அமெரிக்க எஞ்சினியர் ஆறு லக்கை வைத்தே ஒரு டிரான்சிஸ்டர் உதவியோடு எல்இடியை எரிய வைக்கும் மில்லேனியம் பைபாஸ் என்ற உபாயத்தை வடிவமைத்துக் கொடுத்தார். அந்தத் தலைமுறை ஆட்களிடம் கேட்டால் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள்.

பாஸ் நிறுவனம் வேறு வழியில் போனது. 1977-இல் வந்த அவர்களுடைய ஓடி-1 முதலான சின்னப் பெடல்களில் காலுக்கடியில் இருக்கும் ஸ்விட்ச் வழியே கிட்டார் சிக்னல் போவதே இல்லை. அது ஒரு சமிக்ஞை மட்டும் கொடுக்கும், எஃப்இடி டிரான்சிஸ்டர்கள்தான் பாதையை மாற்றும். நாம் போற்றும் ட்ரூ பைபாஸ் அதில் கிடையாது, பஃபர்தான். அதனால் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு: பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோருக்கு பெடல்போர்டு கட்டிய பீட் கார்னிஷ், ட்ரூ பைபாஸுக்கு எதிராக வாதாடியவர். ஒரு மீட்டர் கிட்டார் கேபிளுக்குச் சுமார் 100 பிகோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். ட்ரூ பைபாஸ் பெடல்களை வரிசையாகக் கோர்த்து எல்லாவற்றையும் அணைத்து வைத்தால், கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் அத்தனை கேபிளும் ஒரே நீளக் கேபிளாகி மேல்ஸ்தாயியை மங்கடித்துவிடும். பெடல்போர்டின் தொடக்கத்தில் ஒரு பஃபர் இருந்தால் தப்பில்லை. இது வேறு சண்டை, இங்கே விட்டுவிடுகிறேன்.

வயரிங்குக்கு வருவோம். ஸ்விட்சைக் கவிழ்த்து லக்குகள் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஒவ்வொரு லக்கும் தட்டையான தகடு; நேர் மேலிருந்து பார்த்தால் சின்னக் கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் படுக்கைவாட்டில் இருக்கும்படி திருப்புங்கள். இப்போது மேலிருந்து கீழாக மூன்று நிரல்கள். ஒவ்வொரு நிரலும் ஒரு தனி ஸ்விட்ச். நடு லக் பொது. அது ஒரு மிதியில் மேல் லக்கோடு சேரும், அடுத்த மிதியில் கீழ் லக்கோடு சேரும். தலைகீழாக, அதாவது 180 டிகிரி திருப்பினாலும் பாதகமில்லை. 90 டிகிரி திரும்பிவிட்டால் எல்லாம் தப்பு. நான் சொன்னதையும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு நிரலையும் மிதித்து மிதித்துக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேனாவால் மேல் வரிசைக்கு இடமிருந்து 1, 2, 3, நடுவரிசைக்கு 4, 5, 6, கீழ்வரிசைக்கு 7, 8, 9 என்று எழுதிய தாள் பக்கத்தில் இருக்கட்டும்.

எந்த வேலையை எந்த நிரலுக்குக் கொடுப்பது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கிடைத்த படத்தைப் பார்த்து அப்படியே போடுகிறார்கள். நேர்த்தி பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. இடது நிரல் வெளியீட்டுக்கு, நடு நிரல் உள்ளீட்டுக்கு, வலது நிரல் எல்இடிக்கு. 4-இல் அவுட்புட் ஜாக்கின் டிப். 7-இல் போர்டின் அவுட்புட். 5-இல் போர்டின் இன்புட். 8-இல் இன்புட் ஜாக்கின் டிப். அங்கிருந்தே 1-க்கு ஒரு ஜம்பர். 2, 3, 6 மூன்றும் கிரவுண்ட். 9-இல் எல்இடியின் குட்டைக் கால்.

மிதித்துப் பாருங்கள், மனதிற்குள். நடுவரிசை மேல்வரிசையைத் தொடும்போது 4 போய் 1-ஐச் சேர்கிறது: கிட்டார் நேராக ஆம்ப்ளிஃபயருக்கு. 5 போய் 2-ஐச் சேர்கிறது: போர்டின் இன்புட் கிரவுண்டில். 6-உம் 3-உம் இரண்டுமே கிரவுண்ட், ஆகவே ஒன்றும் நடக்காது, எல்இடி அணைந்திருக்கும். அடுத்த மிதியில் நடுவரிசை கீழே சாய்கிறது: 8 வழியே கிட்டார் 5-க்கு, அதாவது போர்டுக்குள், போர்டிலிருந்து வந்தது 7 வழியே 4-க்கு, அதாவது வெளியே, 9-க்கு 6-இலிருந்து கிரவுண்ட் கிடைத்து எல்இடி எரிகிறது.

அணைந்திருக்கும் நேரத்தில் போர்டின் இன்புட்டை கிரவுண்ட் செய்வது வீண் வேலை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஓவர்டிரைவுக்கு விட்டாலும் ஓடும். பிக் மஃப் மாதிரி நாலு டிரான்சிஸ்டரில் பெருக்கிக்கொண்டே போகும் சர்க்யூட்டில் அந்த இன்புட்டை அந்தரத்தில் தொங்க விட்டால், அது காற்றில் கிடைக்கும் இரைச்சலை எல்லாம் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; பைபாஸிலும் மெல்லிய கீச்சொலி கசியும்.

மேலே சொன்ன ஏற்பாட்டில் 2, 3, 6 மூன்றும் பக்கத்துப் பக்கத்து லக்குகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ரெசிஸ்டர் காலை வெட்டிப் போட்ட துண்டு ஒன்றே போதும்: மேல்வரிசையில் 2-லிருந்து 3-க்கு வந்து, அங்கே திரும்பிக் கீழே 6-க்கு இறங்கும். உறை தேவையில்லை, எதையும் தாண்டவில்லை. ஸ்விட்சில் உறை போட்ட ஜம்பர் 8-க்கும் 1-க்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான்; அது 4-க்கும் 5-க்கும் இடையே குறுக்காகப் போகும். இதே வேலையை உள்ளீட்டை இடது நிரலில் வைத்துப் போட்டால் கிரவுண்ட் ஜம்பரும் சிக்னல் ஜம்பரும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். அங்கிருந்துதான் காடு முளைக்கிறது.

இனி ஒரு லக்கைப் பற்றவைப்பதைப் பார்க்கலாம். வயரின் உறையை நாலு மில்லிமீட்டருக்குமேல் உரிக்க வேண்டாம். இழைகளை முறுக்கி, நுனியில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். லக்கிலும் மெல்லியதாக ஒரு பூச்சு. ஓட்டை அடைபடக் கூடாது. பழைய சரக்கு ஸ்விட்சாக இருந்தால் லக் மங்கிப் போயிருக்கும். கடல் காற்று அடிக்கும் ஊரில் சொல்லவே வேண்டாம். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பளிச்சென்று இருக்கும். அதன்மேல் ஈயம் நொடியில் ஓடும், சுரண்டாமல் போட்டால் உருண்டு நிற்கும், நீங்கள் இன்னும் இன்னும் சூடு காட்டுவீர்கள். ஸ்விட்சைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். லக் மேல்நோக்கி நின்றால் ஃப்ளக்ஸ் நேராகக் கீழே, உள்ளே இறங்கும். வயரை ஓட்டையில் நுழைத்து ஒரே ஒரு மடிப்பு மடித்தால் போதும். அயர்ன் நுனி லக்கையும் வயரையும் சேர்த்துத் தொட வேண்டும். இரண்டு, மூன்று விநாடி. ஈயம் வழிந்து ஓட்டையை நிரப்பியதும் எடுத்துவிடுங்கள். ஆறும்வரை வயர் அசையக் கூடாது.

அடுத்ததாகப் பக்கத்து லக்குக்குப் போகாதீர்கள். எதிர்மூலைக்குப் போங்கள். 1 முடிந்தால் 9, பிறகு 4, பிறகு 6 என்று தாவிக்கொண்டே போனால் ஒரே இடத்தில் சூடு சேராது. 60/40 ஈயம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஈயமில்லாத சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஸ்விட்சின் பிளாஸ்டிக்கைக் கேட்டால் அது முன்னதைத்தான் சொல்லும். ஆனால் ஈய சால்டர் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

8-ஆம் லக்கில் இரண்டு வயர்: ஜாக்கிலிருந்து வருவதும் ஜம்பரும். இரண்டையும் ஒன்றாக நுழைத்து ஒரே தடவையில் பற்றவையுங்கள். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றுக்கு மறுபடி சூடு காட்டினால் முதலாவது கழன்று விழும், அதைப் பிடிக்கப் போய் விரலைச் சுட்டுக்கொள்வீர்கள், லக்குக்கு மூன்றாவது முறை சூடு.

வயர் விஷயத்தில் இரண்டு கட்சி. ஒற்றைக் கம்பி வயர் மடித்த இடத்தில் நிற்கும், அதனால் படத்தில் அழகாக விழும். லான் கேபிளைப் பிரித்தால் எட்டு நிறத்தில் 24 கேஜ் ஒற்றைக் கம்பி சும்மாவே கிடைக்கிறது என்பதால் நம் ஆட்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம். உறையை உரிக்கும்போது பிளேடு கம்பியில் ஒரு கீறல் போட்டுவிட்டால், டப்பாவை மூன்றாவது முறை திறக்கும்போது சரியாக அந்த இடத்தில் முறியும். வெளியிலிருந்து பார்த்தால் உறை அப்படியே இருக்கும், முறிந்தது தெரியாது. நான் இழை வயர் கட்சி. 24 கேஜ், ஏற்கெனவே ஈயம் பூசிய இழை வயர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரளவு மடித்த இடத்தில் நிற்கும், இழை பிரியாது. 22 கேஜுக்குப் போனால் லக் ஓட்டையில் இரண்டு வயரை நுழைப்பது கஷ்டம். ஜம்பருக்கு மட்டும் ஒற்றைக் கம்பி போடலாம். அது அசையப் போவதில்லை.

வயரின் நீளம்தான் இந்த மடலின் மையம். நேர்க்கோட்டில் எட்டும் தூரத்தை விட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட விடுங்கள். அந்தக் கூடுதல், டப்பாவின் சுவரை ஒட்டி ஒரு வளைவாகப் படுத்துக்கொள்ளட்டும். ஸ்விட்சின் நட்டைக் கழற்றி, அதைத் துளையிலிருந்து இறக்கி, டப்பாவுக்கு வெளியே எடுத்து லக் தெரியும்படி சாய்க்க முடிகிறதா? முடிந்தால் வயர் சரியான நீளம். ஸ்விட்ச் போனால் வயரின் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டலாம். இன்னொரு முறை வெட்டுவதற்கும் மிச்சம் இருக்கும்.

அதற்காக எல்லா வயரையும் தாராளமாக விட்டுவிடக் கூடாது. ஹாம்மண்ட் 1590பி டப்பா சுமார் 11 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் உயரம். அதற்குள் போர்டு, இரண்டு ஜாக், பவர் சாக்கெட், ஸ்விட்ச். புதிதாகக் கட்டுபவர்களுக்கு அதைவிடச் சற்றே பெரிய 125பி டப்பாவைத்தான் சொல்வேன். எந்த டப்பாவானாலும் இன்புட் வயர் ஒரு பக்கச் சுவர், அவுட்புட் வயர் எதிர்ச்சுவர். இரண்டையும் அழகுக்காகச் சேர்த்துக் கட்டி, டை போட்டு இறுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெருக்கம் அதிகமுள்ள ஃபஸ்ஸில் வெளியே வரும் பெரிய சிக்னல் உள்ளே போகும் சின்ன சிக்னலின் மேல் சாய்ந்தால், வால்யூமைத் திருகும்போது பெடல் தானாக விசிலடிக்கும். சர்க்யூட்டில் தப்பு என்று நினைத்து டிரான்சிஸ்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பென்சிலால் இரண்டு வயரையும் விலக்கிப் பிடித்தால் விசில் நின்றுபோகும். பிரித்து ஓட்டியும் நிற்கவில்லையென்றால் இன்புட்டுக்கு மட்டும் ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

இத்தனையும் டப்பாவுக்குள்ளேயே கையை விட்டுச் செய்தால் கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு தடித்த அட்டையிலோ பிளைவுட் துண்டிலோ டப்பாவின் துளைகளை அதே தூரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விட்சையும் ஜாக்குகளையும் அதில் மாட்டி, வெளிச்சத்தில், நாலு பக்கமும் கை எட்டும்படி வைத்துக்கொண்டு வயரிங்கை முடித்துவிட்டு, மொத்தமாக எடுத்து டப்பாவுக்குள் இறக்கலாம். அட்டையில் இருக்கும்போதே கிட்டாரைச் சொருகி வாசித்தும் பார்த்துவிடலாம். ஒரே மாதிரி டப்பாவில் அடிக்கடி கட்டுபவராக இருந்தால் அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

லக்குகளின் மேல் உட்காரும் குட்டி பிசிபியை இப்போது பலரும் வாங்கிப் போடுகிறார்கள். ஜம்பர் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும், எங்கே எது என்று எழுதியும் இருக்கும். தப்பு வராது, நிஜமாகவே நல்ல சாமான். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: ஒன்பது லக்கையும் ஒரே பிசிபியில் பற்றவைத்துவிட்டால், பிறகு ஒன்பதையும் ஒரே நேரத்தில் இளக்காமல் ஸ்விட்சைப் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே பிரிக்க நினைக்காதீர்கள். அந்தப் பிசிபியிலிருந்து போர்டுக்கும் ஜாக்குகளுக்கும் போகும் வயர்களுக்கு ஒரு சின்ன ஜேஎஸ்டி கனெக்டர் வைத்துவிடுங்கள். ஸ்விட்ச் போனால் கனெக்டரை உருவி, பிசிபியோடு சேர்த்து ஸ்விட்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்பே தயாராக வைத்திருக்கும் இன்னொன்றை மாட்டலாம். சால்டரிங் அயர்னே வேண்டாம். மேடையேறி வாசிப்பவர்களுக்குக் கட்டித் தரும் பெடலில் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஃபுட்ஸ்விட்சை நேராக மெயின் போர்டிலேயே பற்றவைக்கும் வடிவமைப்பு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நட் சற்றுத் தளர்ந்தாலும் ஒவ்வொரு மிதியும் போர்டின் மேல் இறங்கும்; மெல்லிய வெடிப்பு முதலில் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நட் என்றதும் இன்னொன்று. ஸ்விட்சோடு வரும் பல்லுள்ள வாஷரைப் பலரும் மேசையிலேயே மறந்துவிடுகிறார்கள். அது டப்பாவின் உள்பக்கம் போக வேண்டியது. அது இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது ஸ்விட்ச் உடம்பும் கூடவே சுழலும், ஒன்பது லக்கின் வயரும் ஒன்றாக முறுக்கிக்கொள்ளும். உள்ளே ஒரு நட்டை முதலில் போட்டு உயரத்தைச் சரிசெய்து, வெளியே மற்ற நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது உள்ளே ஸ்விட்சின் உடம்பை மற்றொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வெளி நட்டுக்கடியில் ஒரு நைலான் வாஷர் போட்டால் பெயின்ட் கீறாது.

மிதிக்கும்போது "டப்" என்று சத்தம் வருகிறது என்பது அடிக்கடி வரும் புகார். ஸ்விட்சைக் குறை சொல்வதற்கு முன் போர்டின் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் கிரவுண்டுக்கு ஒரு 1 மெகஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கப்ளிங் கெப்பாசிட்டரில் கசிந்து சேரும் மின்னழுத்தம் வடிய வழியில்லாமல் போனால் மிதித்த நொடியில் மொத்தமாக இறங்கும். எல்இடியைக் கண்ணைக் கூசும்படி எரிய விடுவதும் ஒரு காரணம். சிவப்பு எல்இடிக்கு 9 வோல்ட்டில் 4.7 கிலோஓம் போட்டால் ஒன்றரை மில்லிஆம்பியர் ஓடும். மேடையில் அது தாராளமாகத் தெரியும்.

ஸ்விட்ச் வாங்கும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்றுகொண்டு பேரம் பேசுவதை விட, கையில் மல்டிமீட்டரோடு போய் ஒவ்வொரு நிரலையும் பத்துப் பதினைந்து முறை மிதித்துப் பார்த்து வாங்குவது லாபம். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை. வாங்கும்போதே ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில், ஒரே நீல நிறத்தில், லக்குகளின் நீளமும் தண்டின் உயரமும் வேறுபடும் ஸ்விட்சுகள் வருகின்றன. அடுத்த வருடம் போய்க் கேட்டால் அதே அளவில் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.

கடைசியாக, உங்களிடமும் உங்கள் பெடலைப் பழுது பார்க்கப் போகிறவரிடமும் கரிசனம் காட்டி ஒரு சின்ன வேலை செய்துவிடுங்கள். அடி மூடியின் உட்பக்கம் ஒரு துண்டுத் தாளை டேப் போட்டு ஒட்டி, அதில் ஒன்பது கட்டம் வரைந்து எந்த லக்கில் எந்த நிற வயர் என்று பேனாவால் எழுதுங்கள். சிவப்பு 9 வோல்ட், கறுப்பு கிரவுண்ட் என்பதை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம். மற்றவை உங்கள் விருப்பம். ஸ்விட்ச் மாட்டிய மாதமும் வருடமும் கீழே. மாற்றினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். டேப்பின் ஓரம் போர்டின் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்காமல் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு மூடியைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெடல்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் ஒருவன்